கண்ணுக்குள்ளும் ஒரு சுழல்நிதி



இந்தப் பக்கத்தில் ரத்தசோகை, சர்க்கரை, கர்ப்பப்பைப் பிரச்சனை என்று நமக்கெல்லாம் பழக்கமான விஷயங்களைத்தான் வழக்கமாக எழுதுவோம். இந்த முறை எழுதப் போவது நிறைய பேர் கேள்விப்படாத ஒன்று. பிறக்கும்போதே பார்வைக் குறைவோடு பிறக்கும் குழந்தைகளைப் பற்றியது. "அது எங்கேயோ ஒண்ணு, நமக்கெதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம் குழுக்களில் ஒன்றில் இருக்கும் சகோதரிக்கே இது நடந்தது. அவர் சம்மதம் கேட்டுத்தான் எழுதுகிறோம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஸ்ரீரங்கம் வட்டத்தில் கொள்ளிடக்கரையில் ஓர் ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன நடந்தது?

அந்தச் சகோதரிக்கு 22 வயது. கணவர் அவருடைய சொந்தத் தாய்மாமன். அதனால் மாமியாரும் அவரே, அம்மாச்சியும் அவரே. முதல் குழந்தை பெண். சுகப்பிரசவம், எடையும் சரியாக இருந்தது. வீடே சந்தோஷப்பட்டது.

மூன்று மாதம் ஆன பிறகும் குழந்தை அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. குரல் கேட்டால் சிரித்தது. கிலுகிலுப்பையை ஆட்டினால் சத்தம் வந்த பக்கம் திரும்பியது. சத்தமில்லாமல் கண்ணெதிரே காட்டினால் திரும்பவில்லை. கருவிழி இரண்டும் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தன. ஆனால் டியூப்லைட்டைப் போட்டால் மட்டும் அதையே வைத்த கண் வாங்காமல் பார்த்தது. கரண்ட் போனால் வீறிட்டு அழுதது.

பிறகு என்ன? ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்திருப்பா." "மாசமா இருக்கறப்ப கண்டதையும் தின்னா." "அவ ஜாதகமே அப்படித்தான்." எல்லாப் பேச்சும் பெற்றவள் தலையில்தான் விழுந்தது. அப்பாவைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாச்சியே, "என் பையன் வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையாது" என்று சொல்லியிருக்கிறார். பேத்தியும் அதே வம்சம்தான் என்பது அந்தக் கோபத்தில் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

சமயபுரத்துக்கு வெள்ளிக் கண்மலர் வேண்டிக்கொண்டார்கள். அதை நாங்கள் குறை சொல்லவில்லை. அது நம் மண்ணின் நம்பிக்கை. ஆனால் ஆறு மாதம் வரை குழந்தையை ஒரு கண் மருத்துவரிடமும் காட்டவில்லை. அதைத்தான் குறை சொல்கிறோம்.

பரிகாரத்துக்குப் பணம் வேண்டும் என்று குழுவில் கடன் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஊக்குநர் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டாக்டர்கிட்ட காட்டினியா தங்கச்சி?" அவர் அழுதுவிட்டார். அன்றைக்கே தீர்மானம் எழுதி 5,000 ரூபாய் உள்கடன் கொடுத்தார்கள். பரிகாரத்துக்கு அல்ல, மருத்துவத்துக்கு. நாங்களும் கூடப் போனோம். திருச்சியில் பார்த்த கண் மருத்துவர், விழித்திரையில் கோளாறு இருக்கும் போலிருக்கிறது, பெரிய பரிசோதனை செய்ய வேண்டும் என்று மதுரைக்கு அனுப்பி வைத்தார். அங்கே ஈ.ஆர்.ஜி. என்ற பரிசோதனை செய்தார்கள். இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுப்பது போல, வெளிச்சம் பட்டால் விழித்திரை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது இது. கோடு ஏறக்குறைய தட்டையாகவே வந்தது. குழந்தை, அப்பா, அம்மா மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். சில வாரம் கழித்து முடிவு வந்தது. குழந்தைக்கு ஆர்.பி.ஈ.65 என்ற மரபணுவில் பிழை.

அந்தப் பெயரைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தோம். அதை நமக்குப் புரிகிற மாதிரி சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கண் எப்படிப் பார்க்கிறது?

கண்ணின் உட்பக்கச் சுவரில் விழித்திரை என்ற மெல்லிய படலம் இருக்கிறது. சினிமாக் கொட்டகைத் திரை மாதிரி, வெளியே இருக்கிற காட்சி இதன்மேல்தான் விழுகிறது. விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் கோடிக்கணக்கில் உள்ளன. இந்தச் செல்களுக்குள் வைட்டமின் ஏ-யிலிருந்து தயாரான ஒரு பொருள் வளைந்த வடிவத்தில் தயாராகக் காத்திருக்கிறது. வெளிச்சம் பட்ட உடனே அந்த வளைவு நிமிர்ந்துவிடும். அப்படி நிமிரும்போதுதான் "வெளிச்சம் வந்துவிட்டது" என்ற செய்தி மூளைக்குப் போகிறது. நாம் பார்க்கிறோம்.

நிமிர்ந்தது நிமிர்ந்ததுதான். அதை மறுபடி வளைத்து வைத்தால்தான் அடுத்த முறை பார்க்க முடியும். எலிப்பொறி ஒரு தடவை அடித்துவிட்டால் திரும்ப இழுத்து மாட்டி வைக்கிறோமே, அதுபோல.

இன்னும் நமக்குத் தெரிந்த மாதிரியே சொல்கிறோம். நம் குழுவில் சுழல்நிதி இருக்கிறது. பெட்டியிலிருந்து பணம் கடனாக வெளியே போகிறது, வேலை செய்கிறது, திரும்பி வருகிறது, அடுத்தவருக்குப் போகிறது. சுற்றிக்கொண்டே இருப்பதால்தான் கொஞ்சப் பணத்தை வைத்துக்கொண்டு இருபது பேர் பிழைக்கிறோம். கண்ணிலும் இப்படித்தான். வைட்டமின் ஏ வளைந்த வடிவத்தில் வெளியே போகிறது, வெளிச்சம் பட்டு நிமிர்கிறது, திரும்பி வருகிறது, மறுபடி வளைக்கப்பட்டு வேலைக்குப் போகிறது.

திரும்பி வந்ததை மறுபடி வளைத்துத் தருகிற வேலையைச் செய்வது ஒரு நொதி. நொதி என்றால் என்சைம். உடம்புக்குள் ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றிக் கொடுக்கும் வேலைக்காரப் புரதம். விழித்திரைக்குப் பின்பக்கம் ஒட்டியிருக்கும் நிறமிப் படலத்தில் இந்த நொதி இருக்கிறது. அதன் பெயர்தான் ஆர்.பி.ஈ.65. அந்தப் படலத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் ஆர்.பி.ஈ.; புரதத்தின் எடை அளவு 65. அதைச் செய்வதற்கான குறிப்பு எழுதப்பட்டிருக்கும் மரபணுவுக்கும் அதே பெயர். நம் முதலாவது குரோமோசோமில் அந்த மரபணு இருக்கிறது.

இந்தக் குழந்தைக்கு அந்த நொதி வேலை செய்யவில்லை. அதாவது, சுழல்நிதியில் வசூல் செய்து திரும்பப் பெட்டியில் போடுகிற ஆள் இல்லை. பணம் ஊருக்குள்ளேதான் இருக்கிறது. ஆனால் வெளியே முடங்கிக் கிடக்கிறது. பெட்டி காலி.

முருங்கைக்கீரை போதாதா?

கூட்டத்தில் இந்தக் கேள்வி வந்தது. நல்ல கேள்வி. மாலைக்கண் என்றால் முருங்கைக்கீரை, பப்பாளி, கேரட், வைட்டமின் ஏ சொட்டு என்று நாமே எத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறோம்! அது உண்மைதான். வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அதுதான் மருந்து. அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் குழந்தைக்கு 9 மாதத்தில் தொடங்கி 5 வயது வரை வைட்டமின் ஏ திரவம் 9 தவணை கொடுக்கிறார்கள். அதை ஒரு தவணைகூட விடாதீர்கள்.

ஆனால் இந்தக் குழந்தையின் பிரச்சனை வேறு. உடம்பில் வைட்டமின் ஏ குறைவில்லை. சொல்லப்போனால் நிறமிப் படலத்தில் அது தேங்கியே கிடக்கிறது. மாற்றித் தருகிற நொதிதான் இல்லை. வசூல் செய்ய ஆள் இல்லாத குழுவுக்கு வங்கி மேலும் மேலும் பணம் கொடுத்தாலும் பெட்டி நிறையாது இல்லையா? அதுபோல எவ்வளவு கீரை கொடுத்தாலும் இந்தப் பார்வை வராது. இன்னொரு எச்சரிக்கை. யாரோ சொன்னார்கள் என்று கடையில் வைட்டமின் ஏ மாத்திரை, மீன் எண்ணெய் வாங்கி அளவில்லாமல் கொடுக்காதீர்கள். வைட்டமின் ஏ அளவுக்கு மீறினால் உடம்பில் தங்கி ஈரலைக் கெடுக்கும்.

இன்னும் இரண்டு கேள்விகளும் வந்தன. கண்ணாடி போட்டால் சரியாகுமா? ஆகாது. கண்ணாடி காட்சியைத் திரையில் தெளிவாக விழ வைக்கும். இங்கே திரையே வேலை செய்யவில்லை. கண் தானம் வாங்கி வைக்கலாமா? அதுவும் முடியாது. தானமாகக் கிடைக்கும் கண்ணிலிருந்து முன்பக்கக் கருவிழிப் படலத்தைத்தான் மாற்றி வைக்கிறார்கள். விழித்திரையை அப்படி மாற்ற முடியாது. இதைச் சொல்வதால் கண் தானம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. கருவிழி கெட்டுப் போனவர்களுக்கு அது வாழ்வு. தவறாமல் செய்யுங்கள்.

இது யார் கொடுத்தது?

இதுதான் முக்கியமான கேள்வி. பதிலை நிதானமாகப் படியுங்கள். உங்கள் வீட்டில் மாமியார், கணவர் எல்லோரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. கணக்கு நோட்டை இரண்டு பிரதி எழுதி வைப்பது போல. ஒரு நோட்டில் பிழை இருந்தாலும் இன்னொரு நோட்டை வைத்துக் கணக்கு பார்த்துவிடலாம். அதனால் ஒரு பிரதியில் மட்டும் பிழை உள்ளவர்களுக்குக் கண் நன்றாகவே தெரியும். தங்களிடம் அப்படி ஒரு பிழை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நம் ஒவ்வொருவரிடமும் ஏதாவது சில மரபணுக்களில் இப்படி ஒற்றைப் பிழை இருக்கத்தான் செய்கிறது. எழுதுகிற எங்களிடமும் உண்டு, படிக்கிற உங்களிடமும் உண்டு.

அம்மா, அப்பா இரண்டு பேரிடமும் ஒரே மரபணுவில் பிழை இருந்து, இரண்டு பேரும் பிழையுள்ள பிரதியையே குழந்தைக்குக் கொடுத்துவிட்டால்தான் குழந்தைக்குப் பாதிப்பு வரும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் கணக்கு இதுதான்:

* நான்கில் ஒரு பங்கு: இரண்டு பிரதியிலும் பிழை. குழந்தைக்குப் பார்வைக் குறைவு.
* நான்கில் இரண்டு பங்கு: ஒரு பிரதியில் மட்டும் பிழை. குழந்தைக்குப் பார்வை நன்றாக இருக்கும்.
* நான்கில் ஒரு பங்கு: இரண்டு பிரதியும் சரி.

"முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கும் வராது" என்று இதற்கு அர்த்தமில்லை. ஒவ்வொரு தடவையும் சீட்டை மறுபடி குலுக்கிப் போடுகிற மாதிரி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கணக்குதான்.

ஆக, இது ஒருவரால் மட்டும் வருவதில்லை. பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கர்ப்பத்தில் தின்ற பண்டத்துக்கும் சம்பந்தமில்லை. தோஷத்துக்கும் சம்பந்தமில்லை. கரு உருவான அந்த நிமிஷத்திலேயே முடிவாகிப் போன விஷயம். அதற்குப் பிறகு பெற்றவள் எதைச் செய்திருந்தாலும், செய்யாமல் விட்டிருந்தாலும் இது மாறியிருக்காது.

மதுரையில் மருத்துவர் இதைப் படம் போட்டு விளக்கினார். அம்மாச்சியும் வந்திருந்தார். மகன் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், மகளின் கீழே பேத்தி, பிறகு மகனையும் பேத்தியையும் சேர்த்து ஒரு கோடு. அம்மாச்சி அந்தக் கோட்டில் விரலை வைத்து மேலே போனார். தன் இடத்தில் வந்து நின்றார். "அப்ப இது எங்கிட்டேருந்து வந்ததாம்மா?" என்று கேட்டார். மருத்துவர் சொன்ன பதில் எங்களுக்கு மறக்காது. "உங்ககிட்டேருந்தும் வந்திருக்கலாம், உங்க வீட்டுக்காரர்கிட்டேருந்தும் வந்திருக்கலாம் பாட்டி. உங்களுக்கு முன்னாடி யார்கிட்டேருந்து வந்துச்சோ. இதுல யாரும் தப்பு பண்ணலை."

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஒன்றும் பேசவில்லை. விராலிமலை தாண்டும்போது குழந்தையைப் பேத்தியின் மடியிலிருந்து வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டார். "உன்னைய ரொம்பப் பேசிட்டேன் ஆத்தா" என்றார். அவ்வளவுதான்.

சொந்தத்தில் கல்யாணம் கூடாதா?

அந்த அம்மாச்சியின் விரல் போன பாதையை நினைத்துப் பாருங்கள். ஒரே பிழை ஒரு பக்கம் மகன் வழியாகவும், இன்னொரு பக்கம் மகள், பேத்தி வழியாகவும் இறங்கி, கொள்ளுப்பேத்தியிடம் வந்து சேர்ந்துவிட்டது. காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து போகிறதே, பிரிந்த இரண்டு தண்ணீரும் மறுபடி ஒரே இடத்தில் கலந்த மாதிரி.

தாய்மாமனிடம் ஒரு அரிய பிழை இருந்தால், அக்காள் மகளிடமும் அதே பிழை இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. அன்னியத்தில் என்றால் அந்த அரிய பிழையே இருவரிடமும் இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். நாடு முழுவதற்கும் எடுத்தால் நூற்றுக்கு 11. ஆக, நாம்தான் இதில் முன்னணியில் இருக்கிறோம்.

நாங்கள் யாரையும் பயமுறுத்த விரும்பவில்லை. சொந்தத்தில் கட்டிய பெரும்பாலானவர்களின் குழந்தைகள் நன்றாகவே இருக்கிறார்கள். அன்னியத்தில் கட்டினவர்களுக்கும் இப்படிக் குழந்தை பிறப்பதுண்டு. ஏற்கெனவே கட்டிக்கொண்டவர்கள் கவலைப்பட்டு ஒன்றும் ஆகப் போவதில்லை. ஆனால் இனிமேல் முடிவு செய்யப் போகிறவர்கள் யோசிக்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது பிறவிப் பார்வைக் குறைவோ, காது கேளாமையோ, சிறு வயதிலேயே மாலைக்கண்ணோ இருந்தால் கட்டாயம் யோசிக்க வேண்டும். "சொத்து வெளிய போகக்கூடாது" என்று பெண்ணின் சம்மதம்கூடக் கேட்காமல் முடிச்சுப் போடுவதை நாம் எப்போதும் எதிர்த்துத்தான் வந்திருக்கிறோம். இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது.

ஆராய்ச்சி எதுவரை வந்திருக்கிறது?

பிறவியிலேயே விழித்திரை வேலை செய்யாத இந்த நோயை முதன்முதலில் 1869-இல் விவரித்தவர் தியோடர் லேபர் என்ற ஜெர்மன் மருத்துவர். அதனால் 'லேபர் பிறவிப் பார்வையின்மை' என்று பெயர். 30,000 முதல் 80,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரும் அரிய நோய். இதற்குக் காரணமான மரபணுக்கள் 20-க்கும் மேல் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. அதில் ஒன்றுதான் ஆர்.பி.ஈ.65. இதே மரபணுவில் பிழை இருந்து, சில குழந்தைகளுக்குக் கொஞ்சம் தாமதமாக, பள்ளிக்கூட வயதில் மாலைக்கண்ணாகத் தொடங்குவதும் உண்டு.

இந்தப் புரதத்தை 1993-இல் அடையாளம் கண்டார்கள். 1997-இல் இதில் பிழை இருந்தால் பிறவிப் பார்வையின்மை வருகிறது என்று தெரிந்தது. ஆனால் இந்தப் புரதம் கண்ணில் என்ன வேலை செய்கிறது என்பது உறுதியாகத் தெரிய 2005 வரை ஆனது. நாம் மேலே சொன்ன வளைத்துத் தரும் நொதி இதுதான் என்று அப்போதுதான் நிரூபித்தார்கள்.

இதற்கிடையில் 2001-இல் அமெரிக்காவில் ஒரு செய்தி. பிரியார்ட் என்ற சாதி நாய்களுக்கு இயற்கையிலேயே இதே மரபணுவில் பிழை வருவதுண்டு. நோய் உண்டாக்காத ஒரு வைரஸில் சரியான மரபணுவை ஏற்றி, லான்சலாட் என்ற நாய்க்குட்டியின் கண்ணுக்குள் ஊசி வழியாகச் செலுத்தினார்கள். பிறவியிலேயே பார்வையில்லாத நாய்க்குப் பார்வை வந்தது. 2007-இல் லண்டனிலும் பிலடெல்பியாவிலும் மனிதர்களுக்குச் செய்து பார்க்கத் தொடங்கி, 2008-இல் முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். 2017 டிசம்பரில் லக்ஸ்டர்னா என்ற பெயரில் இந்தச் சிகிச்சைக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அப்போது வைத்த விலை 8,50,000 டாலர். அன்றைய மதிப்பில் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல்.

நம் தமிழ்நாட்டிலும் ஆராய்ச்சி நடக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார்கள். வட அமெரிக்காவில் இந்த நோய்க்கு அதிகமாகக் காரணமாக இருக்கும் பிழைகள் தென்னிந்தியக் குடும்பங்களில் அரிதாகவே காணப்படுகின்றன. அதாவது, அங்கே எழுதி வைத்த பட்டியலை வைத்து இங்கே தேடினால் கிடைக்காது. நம் குடும்பங்களை நாமே பரிசோதித்தால்தான் தெரியும். 2013-இல் ஆர்.பி.ஈ.65 மரபணுவை முக்கியமாக வைத்துத் தென்னிந்திய நோயாளிகளிடம் செய்த ஆய்வும் அங்கிருந்து வந்தது. 2015-இல் சென்னை சங்கர நேத்ராலயா ஆராய்ச்சியாளர்கள், தென்னிந்தியக் குடும்பங்களில் அம்மா வழியிலும் அப்பா வழியிலும் ஒரே மாதிரி இறங்கி வந்த மரபணுப் பகுதிகளைத் தேடி, அதன் மூலம் நோய்க்கான பிழையைக் கண்டுபிடித்தார்கள். சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில்தான் இந்த முறை நன்றாக வேலை செய்யும்.

ஐந்து கோடிக்கு எங்கே போவது?

இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து கேட்டார். "மருந்து இருக்குன்னு சொல்றீங்க, ஐந்து கோடிங்கிறீங்க. பேரைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன லாபம்?"

நியாயமான கோபம். ஐந்து கோடி நம் கூட்டமைப்பு மொத்தமும் சேர்ந்தாலும் புரட்ட முடியாத தொகை. அதை மறைக்க மாட்டோம். அந்தச் சிகிச்சையும் ஆர்.பி.ஈ.65 பிழை இரண்டு பிரதியிலும் இருக்கிறது என்று பரிசோதனையில் உறுதியானவர்களுக்கு மட்டும்தான். விழித்திரைச் செல்கள் இன்னும் உயிரோடு இருந்தால்தான் பலன் தரும். வேறு மரபணுவில் பிழை உள்ள குழந்தைக்கு அது பயன்படாது. கிடைத்தவர்களுக்கும் முழுப் பார்வை வந்துவிடவில்லை. மங்கிய வெளிச்சத்திலும் தடுமாறாமல் நடக்கிற அளவுக்கு முன்னேற்றம் வந்தது. அதுவே அவர்களுக்குப் பெரிய மாற்றம்.

ஆனாலும் பெயர் தெரிந்ததில் லாபம் உண்டு.

முதல் லாபம், பெற்றவள் மேல் இருந்த பழி போனது. அந்த வீட்டில் இரண்டாம் கல்யாணப் பேச்சுகூட மெதுவாக எழுந்திருந்தது. இப்போது அது இல்லை.

இரண்டாவது, இந்த வகைக் குழந்தைக்கு நல்ல வெளிச்சத்தில் ஓரளவு தெரியும், இருட்டில்தான் தெரியாது என்று புரிந்தது. டியூப்லைட்டை வெறித்துப் பார்த்ததற்குக் காரணம் அதுதான். உடனே வீட்டில் பிரகாசமான எல்.இ.டி. விளக்குகள் போட்டார்கள். கரண்ட் போனாலும் எரிகிற சார்ஜ் விளக்கு ஒன்று வாங்கினார்கள். ஐந்து கோடி இல்லை, ஐந்நூறு, ஆயிரத்தில் முடிந்தது. குழந்தை இப்போது விளக்கடியில் பளிச்சென்ற நிறத்துப் பந்தைக் கைநீட்டிப் பிடிக்கிறது.

மூன்றாவது, அடுத்த குழந்தைக்கு முன்பே மரபணு ஆலோசனை பெறலாம். எந்தப் பிழை என்று தெரிந்தால்தான் கருவில் பரிசோதிக்க முடியும். செய்துகொள்வதா வேண்டாமா என்பது அந்தத் தம்பதியின் முடிவு. அதில் நாம் தலையிடக்கூடாது.

நான்காவது, அந்தச் சகோதரியின் தங்கையை அத்தை மகனுக்கு நிச்சயம் செய்வதாக இருந்தார்கள். இப்போது இரண்டு பேரும் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும் என்று பெரியவர்களே சொல்லிவிட்டார்கள்.

ஐந்தாவது, குழந்தையின் பெயரும் பரிசோதனை முடிவும் மருத்துவமனையில் பதிவாகி இருக்கிறது. நாளைக்கு விலை குறைந்தோ, வேறு சிகிச்சை வந்தோ கூப்பிட்டால் போகலாம். இன்றைக்குப் பரிசோதிக்காத குழந்தையை நாளைக்கு யார் கூப்பிடுவார்கள்?

நாம் செய்ய வேண்டியது

1. இரண்டு மாதத்தில் குழந்தை அம்மா முகத்தைப் பார்க்கிறதா, அசையும் பொருளைக் கண்ணால் தொடர்கிறதா என்று கவனியுங்கள். மூன்று மாதத்துக்கு மேலும் பார்க்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள்.

2. கருவிழி ஆடிக்கொண்டே இருப்பது, விரலால் அல்லது கைமுட்டியால் அடிக்கடி கண்ணை அழுத்திக்கொள்வது, விளக்கையே வெறித்துப் பார்ப்பது, மங்கலான வெளிச்சத்தில் தடுமாறுவது எல்லாமே எச்சரிக்கை. "வளர்ந்தா சரியாயிடும்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

3. அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் குழந்தைகளைப் பரிசோதிக்க மருத்துவக் குழு வருகிறது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் இது. அன்றைக்குக் குழந்தையைக் கட்டாயம் அனுப்புங்கள். பார்வையில் சந்தேகம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

4. கண் மருத்துவமனைக்குப் போகும்போது கணவரும் சேர்ந்து போக வேண்டும். இரண்டு பக்கத்துக் குடும்ப விவரமும் சொல்ல வேண்டும். யார் யாருக்குச் சொந்தம் என்பதை மறைக்காதீர்கள்.

5. பார்வை வராது என்று சொல்லிவிட்டால் வாழ்க்கை வராது என்று அர்த்தமில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பராமரிப்பு உதவித்தொகை, கல்வி உதவித்தொகை பற்றி அங்கேயே கேளுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதில் 1 சதவீதம் பார்வைக் குறைவு உள்ளவர்களுக்கு.

6. குழந்தையை வீட்டில் மூலையில் உட்கார வைக்காதீர்கள். திருச்சி புத்தூரிலேயே பார்வைக் குறைவுள்ள பெண் பிள்ளைகளுக்கு அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. சாதாரணப் பள்ளியிலும் சேர்க்கலாம். ஜன்னல் பக்கம், முதல் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். தேர்வில் சொல்வதை எழுத ஆள் வைத்துக்கொள்ளவும் விதி இருக்கிறது.

7. குழுக் கூட்டத்தில் வரவு செலவு முடிந்ததும் ஐந்து நிமிடம் இதைப் பேசுங்கள். இப்படி ஒரு குழந்தை உள்ள வீடு தெரிந்தால் கூட்டமைப்புக்குச் சொல்லுங்கள். கூட வர நாங்கள் இருக்கிறோம்.

முடிக்கும் முன் ஒரு வார்த்தை. போன மாதம் அந்த ஊருக்குப் போயிருந்தோம். அம்மாச்சி திண்ணையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெயில் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். "வெளிச்சத்துல இருந்தா இவளுக்குச் சந்தோஷம், அதான்" என்றார். அந்தச் சகோதரி உள்கடனில் கடைசித் தவணையையும் கட்டிவிட்டார். திரும்பி வந்த அந்த 5,000 ரூபாய் இப்போது அதே குழுவில் இன்னொரு சகோதரியின் ஆட்டுக்குட்டிகளாக மாறியிருக்கிறது. வெளியே போன பணம் திரும்பி வந்தது, மறுபடி வேலைக்குப் போய்விட்டது.

பெற்றவளைப் பழிப்பதை நிறுத்துவோம்! பிள்ளையின் கண்ணைக் கவனிப்போம்!